விரதம் முடியட்டும் என்றேன், அண்ணா

போத்தல் மூடி லேசில் திறபடவில்லை, அண்ணா. துணியால் பிடித்துத் திருகினேன், கதவிடுக்கில் கொடுத்துப் பார்த்தேன், கடைசியில் கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறந்தேன். வினாகிரி மணம் முகத்தில் அடித்தது. அதோடு நீங்களும் குசினிக்குள் வந்துவிட்டீர்கள்.

பச்சை மிளகு அளவில், அங்கத்தைய ஏதோ ஒரு செடியின் சின்ன மொட்டுகள் ஊறிக்கிடக்கிற போத்தல். ஜேர்மனியிலிருந்து வரும்போது இரண்டு கொண்டுவந்தீர்கள். ஒன்று முடிந்ததும் மற்றதை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றி, "தொட்டிடாத, இது அடுத்தமுறைக்கு" என்றீர்கள். அந்த அடுத்தமுறை இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. இன்று உங்கள் முதலாம் ஆண்டுத் திதி. கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாளும் இன்றுதான். காலையில் ஐயர் வந்து செய்யவேண்டியதைச் செய்து, மரக்கறிச் சோறு படைத்துவிட்டுப் போனார். இப்போது வெளியே மழை. யன்னலில் துறைமுகமும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. நான் விரதக் குசினியில் இறைச்சி கொத்திக்கொண்டிருக்கிறேன்.

முப்பது வருடம் அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நின்றுவிட்டு, இரண்டு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தீர்கள். நீங்களும் தனி, நானும் தனி. வந்து ஒரு கிழமை என் மீன்குழம்பைச் சாப்பிட்டீர்கள். அடுத்த நாள், "இண்டைக்கு நான் சமைக்கிறன், நீ கதிரையில இரு" என்றீர்கள். அங்கத்தைய இறைச்சி உருண்டையாம், அதற்கு மாட்டிறைச்சி வேண்டுமாம். இந்தக் குசினிக்குள் மாடு வராது என்றேன். ஆட்டிறைச்சி வாங்கி வந்தீர்கள். கடைக்காரர் அரைத்துத் தர ஏலாது என்று அனுப்பிவிட்டார். ஒரு மணித்தியாலம் இருந்து கத்தியால் கொத்தினீர்கள். பாலில் ஊறவைத்த பாண், வெங்காயம், முட்டை எல்லாம் போட்டுப் பிசைந்து உருட்டினீர்கள். பொரிக்கப் போகிறீர்கள் என்று தாச்சியை எடுத்தால், கையைத் தட்டிவிட்டீர்கள். கொதிக்கவே விடாத சுடுநீரில் அவிக்கவேண்டுமாம். பிறகு பட்டரில் மாவை வறுத்து, அவித்த நீரையும் கிறீமையும் விட்டு, அந்த மொட்டுகளையும் போட்டு ஒரு குழம்பு. வெள்ளை வெளேரென்று!

"என்னண்ணா இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு? ஒரு மிளகாய்கூட இல்லையே?"

"ஒரு வாய் வைச்சுப்போட்டுக் கதையடி. அங்க வியாழக்கிழமையில இதுதான். பல்லில்லாத கிழடுகளும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குங்கள்."

நான் சம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் சாப்பிட்டேன். நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். என் வாய்க்கு அது பிடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்யாமல் விட்டீர்களா என்ன?

பிறகு தொண்டையில் புற்றுநோய் வருத்தம் வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற வாய் முழுக்கப் புண். என் சமையலில் எதுவும் இறங்கவில்லை. கஞ்சியும் எரிந்தது. போன வருடம், விரதம் தொடங்கிய காலையில், நான் தோய்ந்துவிட்டு ஈரத்தலையோடு வந்தபோது கட்டிலில் எழுந்து இருந்தீர்கள்.

"பிள்ளை, அந்த உருண்டை ரெண்டு செய்து தாறியே? அதெண்டால் இறங்கும் போல கிடக்கு."

"விரதம் தொடங்கீட்டுதே அண்ணா. ஆறு நாள்தானே. முடிஞ்ச அடுத்த நாள் முதல் வேலையா அதைத்தான் செய்வன்."

"ஓமோம். ஆறு நாள்தானே. நான் என்ன கப்பலே ஏறப்போறன்?"

நீங்கள் வற்புறுத்தவில்லை. ஒரு சத்தம் போட்டிருக்கலாமே, அண்ணா! சின்ன வயதில் எத்தனை தரம் என்னைக் குட்டியிருப்பீர்கள். அன்றைக்கு ஒரு குட்டு வைத்திருந்தால் நான் அடுப்பை மூட்டியிருப்பேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நான் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உங்களுக்கு வருத்தம் மாறவேண்டும் என்றுதான் அந்த விரதமே பிடித்தேன்.

நாலாம் நாள் விடிய, தேத்தண்ணி கொண்டுவந்து கூப்பிட்டேன். நீங்கள் எழும்பவில்லை.

சாவுத் துடக்கு வந்ததும் விரதமும் போயிற்று. எந்தக் கோயிலுக்காகக் குசினியைச் சுத்தமாக வைத்திருந்தேனோ, அந்தக் கோயில் வாசலை முப்பத்தொரு நாள் மிதிக்கவும் ஏலாமல் போனது. பக்கத்து வீட்டு றகுமத் அக்கா விசயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தா. "என்னட்டச் சொல்லியிருந்தா என்ர அடுப்பில ஆக்கித் தந்திருப்பனே பிள்ளை" என்றா. எங்களுக்கு நடுவில் ஒரு மதில்தான். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை, அண்ணா. சுத்தம், சுத்தம் என்று அலைந்த மண்டைக்கு வேறு என்ன தோன்றும்?

எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையல் அன்று சொந்தக்காரர்கள் உங்களுக்குப் பிடிக்கும் என்று நண்டு படைத்தார்கள், மீன் பொரித்துப் படைத்தார்கள், ஒரு போத்தல் சாராயமும் வைத்தார்கள். எல்லாம் உங்கள் தொண்டையில் இறங்காதவை. அந்த உருண்டையைச் செய்ய எனக்குத் துணிவில்லை. செய்தால், இதை அண்ணன் கேட்டாரா என்று யாராவது கேட்பார்கள்.

இனி ஒவ்வொரு வருடமும் உங்கள் திதி இந்த விரதத்துக்குள்தான் வரும். தப்ப வழியில்லை.

உருண்டைகள் மிதந்து வந்துவிட்டன. குழம்பில் ஒரு கட்டி விழுந்தது, கரைத்துவிட்டேன். அவித்த உருளைக்கிழங்கோடு இரண்டைக் கோப்பையில் போட்டு உங்கள் படத்தின் முன்னால் வைத்தேன். இரண்டுதானே கேட்டீர்கள். முருகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வேண்டுமானால் கோபித்துக்கொள்ளட்டும், அதை நான் தாங்குவேன். நீங்கள் கோபிக்காமல் போனதைத்தான் ஒரு வருடமாகத் தாங்க ஏலாமல் திரிகிறேன்.

விரதக்காரி என்பதால் சமைக்கும்போது உப்புப் பார்க்கவில்லை. ஆவி அடங்கும் வரை படத்தின் முன்னால் நின்றேன். பிறகு கோப்பையை எடுத்து, ஒரு உருண்டையைப் பிட்டு, சம்பல் இல்லாமல் வாயில் வைத்தேன். உப்புக் காணாது, அண்ணா. உங்கள் வாய்ப்புண்ணுக்கு அது சரியாக இருந்திருக்கும்.