கத்தரிப் பாத்தியில் சோறு

அன்பு மகள் மலர்க்கொடிக்கு,

ரெம்பியாவிலிருந்து அப்பா எழுதுவது. பெர்த்தில் நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் அவள் பிடுங்கிக்கொள்வாள், வாட்ஸாப்பையும் அவள்தான் முதலில் திறக்கிறாள், அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் நான் கத்தரி போட்டிருப்பது உனக்குத் தெரியும். இப்போது கடை உரம் வாங்குவதில்லை. காய்த்தோல், பழத்தோல், முட்டை ஓடு, தேத்தூள் எல்லாவற்றையும் வாளியில் சேர்த்து, செடிக்கு ஒரு சாண் தள்ளி முழங்கை ஆழம் வெட்டி, பாத்தியிலேயே புதைத்துவிடுகிறேன். ஒன்றரை மாதத்தில் தோல் எங்கே போனதென்றே தெரியாது, மண் கறுத்து மண்புழு நெளிகிறது. பக்கத்து வீட்டு அப்புசாமி காயைப் பார்த்துவிட்டு என்ன மருந்து அடிக்கிறே என்று கேட்கிறார், நான் சொல்வேனா. ஆனால் சோறும் மீன்முள்ளும் மட்டும் வாளியில் போடக் கூடாது, எலி வந்து தோண்டும் என்று அம்மாவிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

போன மாதம் மூன்று நாள் தொடர்ந்து பாத்தி தோண்டிக் கிடந்தது. வெட்டிப் பார்த்தால் பேப்பரில் மடித்து, காய்த்தோலுக்கு நடுவில் ஒளித்து, குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பவானி, எலிக்கா சமைக்கிறே என்று கத்திவிட்டேன். மிஞ்சிப் போச்சுங்க, இனிமே போடல என்றாள். பிசைந்த சோறு எப்படி மிஞ்சும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. மறுநாள் அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். கிளினிக்கில் டாக்டரம்மா, சர்க்கரைக்கான இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஆண்ட்டி சாப்பிடாம இருந்தா உயிருக்கே ஆபத்துலா அங்கிள் என்று என்னைத்தான் திட்டினார். பயப்படாதே மகளே, இப்போது எழுந்து நடமாடுகிறாள்.

வீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டேன். தனியா உக்காந்தா தொண்டையில இறங்கலங்க, மலர்க்கொடி இருந்தா பேசிக்கிட்டே சாப்பிட்டுடுவேன் என்றாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, எனக்குப் பரிமாறி நான் கை கழுவிய பிறகுதான் நீங்கள் இருவரும் அடுப்படியில் உட்காருவீர்கள். நீ போன பிறகு அவள் அங்கே ஒற்றை ஆள், நான் டீவி முன்னால். தப்பு என்மேல்தான். இப்போது காத்திருந்து அவளோடு உட்காருகிறேன். முப்பத்தொரு வருஷத்தில் இது புதுசு இல்லையா, கூச்சப்பட்டு நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறாள். எனக்கும் உன்னைப்போல் பேச வராது.

தினமும் சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறாய், சாப்பிட்டேன் என்கிறாள், இனிமேல் கேட்காதே. சாயங்காலம் ஏழரைக்கு உன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வீடியோவில் கூப்பிடு, அங்கேயும் இங்கேயும் ஒரே மணிதானே. ஆபீஸ் கதையைப் பேசிக்கொண்டே நீ சாப்பிடு, அவளும் சாப்பிடுவாள்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். கடவுள் உனக்குத் துணை இருப்பார். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நீங்கள் இருவரும் பேசும்போது எனக்கும் ஓரத்தில் ஒரு இடம் விடுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் அப்பா,
அங்கமுத்து