வாசலோடு நின்ற காலை

அக்டோபர் 30, வியாழன், இரவு

கல்லறைத் திருநாள் பூசையில் வாசிப்பதற்கு, இறந்தவர்களின் பெயர் கேட்டு உபதேசியார் இன்று வீட்டுக்கு வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத என் கணவரின் பெயரைச் சொல்ல மாமி வாய் திறந்தார். நான் விடவில்லை. "உடம்பு கெடைக்கல. பேரு எழுதாதிய" என்றேன். உபதேசியார் பெயர்ப் பட்டியலை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மாமி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "உனக்கு நோட்டு இருக்கு, எழுதி ஆத்திக்கிடுத. எனக்கு அந்தப் பூசையை விட்டா என்னட்டி இருக்கு?"

எழுதி ஆறியதாக யார் சொன்னது? வாயால் சொல்ல முடியாததை எழுதச் சொன்னது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி சிஸ்டர். கல்யாணத்தை எழுதினேன். முதல் சண்டையை எழுதினேன். அவர் கடலுக்குப் போன காலை வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதன்பிறகு தினமும் அதே காலைதான். டீ குடிக்கிறார், தலையில் துண்டைக் கட்டுகிறார், என் கையிலிருந்து சோற்று வாளியை வாங்குகிறார். அதோடு நிறுத்திவிடுவேன். அடுத்த வரியை எழுதாதவரை அவர் வாசலில்தான் நிற்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமி இன்னும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார். பெற்றவளை ஒரு மெழுகுதிரி ஏற்றவிடாமல் எத்தனை நாள் இப்படி அவரை வாசலிலேயே பிடித்துவைப்பேன்? அந்த அடுத்த வரியை இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன்.

வாளியை அவர் கையில் விட்டேன். உள்ளே கைப்பிள்ளை அழுதது, ஓடினேன். தூக்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.