என் கழுத்தில் வந்த சங்கிலி

என்னங்க,

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. சங்கிலியை வாங்கிட்டுப் போக உங்க அக்கா சாயந்தரம் வர்றாங்க. பீரோவைக் குடையாதீங்க. சங்கிலியைப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்.

வெளிநாட்டில் நான் ஆசைப்பட்ட கைக்கடிகாரத்தை, வரி விழும்னு கடையிலேயே வைக்கச் சொன்னீங்க. திரும்பும்போது மட்டும், எனக்கு வரியில்லாம விடுற அளவுக்குள்ள வரும்னு, அக்கா வாங்கிட்டு வரச் சொன்ன தங்கச் சங்கிலியை என் கழுத்தில் மாட்டி விட்டீங்க. சுங்க அதிகாரி கேட்டதுக்கு, "என் பொண்டாட்டியோடதுதான் சார், வேற யாருக்கும் இல்லை"ன்னு அடிச்சுச் சொன்னீங்க. நானும் தலையாட்டினேன்.

அதையே அக்காகிட்டயும் சொல்லுங்க, அன்னைக்கு மாதிரியே முகம் மாறாம.

பி.கு.: டீத்தூள் மேல்தட்டில் இருக்கு. அக்காவுக்கு முதல்லயே டீ போட்டுக் கொடுத்துடுங்க. சொன்னப்புறம் குடிக்க மாட்டாங்க.