கூக்காலுக்கு ஒரே ஓஸ்

மார்ச் 14, சனி

வெயில். காட்டுத்தீ அணைந்தும் அட்டுவம்பட்டி வரை கரி வாடை. காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.

நாளை தீ பட்ட கூக்கால் கிராமத்துக்கு உதவப் போகிறோம். ஒரு ஜீப் நிறைய தன்னார்வ ஆள். அத்தனை பேருக்கும் மரம் நட ஆசை. "அக்கா, செடி நட்டு ஒரு போட்டோ?" இந்த வெயிலில், சாம்பலில்! மழை வரட்டும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை போயிற்று. ஊற்றிலிருந்து பூண்டுக் காட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்பு ஓஸ் எல்லாம் உருகிக் கிடக்கிறது. முதலில் அது.

வாங்க: கிளாம்பு, கையுறை, பன்.

15, ஞாயிறு

முடிந்தது! முன்பு வீட்டுக்கு ஒரு ஓஸ். இப்போது திரட்டிய பணம் ஒரு ஓஸுக்குத்தான் வந்தது. அதனால் பக்கத்துப் பக்கத்து இரண்டு காட்டுக்கும் ஒரே ஓஸ், திருப்பிவிட ஒரு வால்வு. இரண்டில் முருகேசன் காட்டில் பாறை இல்லை, வால்வை அங்கேயே வைத்தோம். பிள்ளைகள் ஒரே கைதட்டல். அடுத்த காட்டுப் பாண்டியம்மா மட்டும் கிட்டே வரவில்லை. கூச்சம் போல.

17, செவ்வாய்

காலையிலேயே பாண்டியம்மா போன்.

"நல்லா செஞ்சீங்க போங்க. எங் கொழுந்தன் காட்டுக்குள்ளயா வால்வ கொண்டு வப்பீங்க? பாகம் பிரிச்சதுலருந்து அந்த வீட்டோட பேச்சு கெடையாது. நான் போயி தொறந்து விடுங்கன்னு நிக்கவா? காஞ்சா காயட்டும்."

"பூண்டுக்கு இன்னும் தண்ணி வேணுமா?"

"ரெண்டு தண்ணி பாஞ்சா எடுத்துரலாம். அதான வயிறு எரியுது."

மலையெல்லாம் உருகிய ஓஸ் பின்னிக் கிடந்ததைப் பார்த்து, இந்த ஊரில் ஒற்றுமையே இல்லையா என்று ஜீப்பில் நான் அடித்த லெக்சர்! பேசாத வீடுகளும் ஒரே ஊற்றில் பிழைக்க வழி அந்த வீட்டுக்கொரு ஓஸ்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் பூண்டு என் அவசரத்தில் காய்கிறது.

வால்வை இடம் மாற்ற வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் கேட்டேன். கும்பிடு பொம்மைதான் வருகிறது, ஆள் இல்லை.

19, வியாழன்

மேகம், மழை இல்லை. வெள்ளனே நானே கிளம்பினேன், ஸ்பேனரோடு. வால்வைக் கழற்றிப் பொது வரப்பில் வைத்துவிடும் யோசனை.

போனால், பாண்டியம்மாவின் பாத்தியெல்லாம் ஈரம். வால்வு அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. முருகேசன் பாத்திகள் இன்னும் காய்ந்தபடி. அவர் மனைவி குனிந்து களை எடுக்கிறாள், நிமிரவில்லை.

"யாரு தொறந்தாங்க?" என்றேன்.

"நான் கேக்கல," என்றாள் பாண்டியம்மா, மெதுவாக. "நீங்களும் கேக்காதீங்க. அந்த ஸ்பேனர வெரசா உள்ள வைங்க, அவங்க பாத்துரப் போறாங்க."