பூசக் கூடாத கல்

சிவமயம்

எட்மண்டன், இலண்டன்
சித்திரை, சோமவாரம்

அன்பிற்குரிய தம்பி கணேசலிங்கம் அவர்கட்கு,

மாமல்லபுரத்தில் நம் கோயிலுக்கான திருவுருவங்கள் சீராக உருவாகி வருவதாகக் கோயில் செயலாளர் நகுலேஸ்வரி சொல்ல மகிழ்ந்தேன். வெய்யிலில் தலையை மூடிக்கொண்டு நடமாடும்.

கோயில் தலைவராக நீர் தொலைபேசியில் இட்ட கட்டளையையும் அவரே சொன்னார். முன்பு தேவாலயமாக இருந்த நம் கட்டடத்தின் வாசற்சுவரில் உள்ள கல்லைக் குடமுழுக்குக்கு முன் சாந்து பூசி மறைக்க வேண்டுமாம். முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்கள் இச்சுவரைத் தம் கையால் எழுப்பினர் என்று அவர்களின் பெயர்களோடு பொறித்த கல் அது. அந்நியப் படையின் எழுத்து சந்நிதிக்குத் தோஷம் என்றீராம். நான் கற்ற ஆகமத்தில் அப்படியொரு விதி இல்லை.

நேற்று மேசன் வேலை செய்யும் றொஜன் சாந்துக் கலவையோடு வந்தார். கல்லின் முன் கதிரை போட்டு அமர்ந்து திருமுறை ஓதத் தொடங்கினேன்.

"ஐயா, நீங்கள் எழும்பினால்தானே நான் பூச ஏலும்" என்றார்.

"அதுக்குத்தான் இருக்கிறன்" என்றேன்.

அவர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்துவிட்டுப் போனார்.

சென்ற மாதம் அடியார்களோடு வடக்கே உரோமரின் எல்லைச் சுவரைக் காணச் சென்றேன். இன்ன நூற்றுவர் படை இவ்வளவு நீளம் கட்டியது என்று வீரர்கள் வெட்டிவைத்த கற்களை அங்கே அருங்காட்சியகத்தில் காக்கிறார்கள். "எங்கட உபயகாரர் ரியூப் லைற்றில பேர் எழுதினது மாதிரித்தான்" என்று நகுலேஸ்வரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் இந்நாட்டை வென்று அடக்கியவர்கள். ஆயினும் பிற்காலத்து உழவன் ஒருவன் அவர்களின் கல்லொன்றைத் தன் தொழுவச் சுவரில், எழுத்து வெளியே தெரியும்படி வைத்துக் கட்டியிருந்தானாம். நடுகல்லுக்குப் பூச்சூட்டிய தமிழைப் படித்த நாம் அவனிலும் குறைந்தவர்களா?

நிர்வாக சபை என்னை ஓதுவார் பணியிலிருந்து விலக்கலாம். அக்கல் மறைந்தால், குடமுழுக்கன்று என் வாயிலிருந்து ஒரு பதிகமும் எழாது. இதை மிரட்டலாகக் கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நீர் தாயாரோடு கிளிநொச்சிக்குப் போனபோது, போரில் மாண்ட உமது தம்பியின் பெயர் வெட்டிய கல் இருந்த துயிலும் இல்லத்தில் இராணுவம் உழுது புரட்டிய மண்ணைக் கண்டு திரும்பினீர். அதைப்பற்றி உம்மிடம் நான் ஒரு சொல்லும் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன். றொஜன் நாளை மறுபடி வருகிறார். தபால் தாமதமாகும் என்பதால் நகுலேஸ்வரி இக்கடிதத்தைப் படம்பிடித்து அனுப்புவார். படித்ததும் றொஜனைத் தொலைபேசியில் நீரே அழைத்துச் சொல்லும்.

பெற்றவள் தடவிப் பார்க்க ஒரு பெயரும் எஞ்சாத துயரம் இனி எவர்க்கும் நேராதிருக்க, தில்லைக்கூத்தன் உமது நாவில் நின்று அருள்க.

உமது நலம் நாடும்,
நா. சபாரத்தினம்