சின்னத்துரையின் ஈரச் சப்பாத்து

17.11.79, சனி.

பசறை ஓட்டப் போட்டியில் மூன்று வருடமாக வெறுங்காலோடு ஓடி முதலில் வந்தவன் நான். இந்த வருடம் அது நம் தேயிலைத் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரைக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது. சீமையிலிருந்து வந்த தன் ஓட்டச் சப்பாத்தை எனக்கு மாட்டிவிட்டார். "அடியில ஸ்பொஞ்சு இருக்கு, கால் நோகாது" என்று தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் விளக்கம் சொன்னார். அவர் ஓடி நான் பார்த்ததெல்லாம் துரையின் ஜீப்புக்குக் கதவு திறக்கத்தான்.

காலையிலிருந்தே மழை. முதல் மைல் மெத்தை போலத்தான் இருந்தது. பிறகு அந்த ஸ்பொஞ்சு ரோட்டுத் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது. துள்ளல் செத்துப்போய், காலில் ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல் ஆனது. கழற்றிவிடலாம் என்று குனிந்தேன். வளைவில் ஜீப்புக்குள் நனையாமல் உட்கார்ந்திருந்த சின்னத்துரை, "கழட்டாதே! ஓடு!" என்று கத்தினார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வெறுங்காலோடு என்னைத் தாண்டிப் போனான்.

"இவ்வளவு நல்ல சப்பாத்து குடுத்தும் தோத்துட்டியே! நம்ம ஆளுகளுக்கு எதைக் குடுத்து என்ன?" என்றார் கிளாக்கர், துரையின் காதில் விழும்படி. அவரும் எங்களைப் போல் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவர்தான்.

சப்பாத்தைக் காயவைத்துத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். "நெருப்புகிட்ட வச்சிராத, ஸ்பொஞ்சு கட்டையாப் போயிரும்" என்று அதற்கும் புத்தி சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா அடுப்பை அணைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு விறகைத் தள்ளி, சப்பாத்தை அடுப்போடு ஒட்டி வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ரப்பர் வாடை வரத் தொடங்கிவிட்டது. எனக்கும் நல்ல தூக்கம் வருகிறது.