சிவப்புப் பொட்டு வைத்த தாச்சி

ரொறன்ரோ, மார்கழி 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட கால்வீக்கம் வத்திட்டுதோ? நான் சுகமாத்தான் இருக்கிறன், யோசிக்காதேங்கோ.

நான் வீட்டோட நிண்டு பராமரிக்கிற யூத அன்ரிக்கு இது பண்டிகைக் கிழமை. நேற்று லட்கே எண்டு ஒரு கிழங்குப் பொரியல் கேட்டா. உருளைக்கிழங்கைத் துருவி, தண்ணியை ஒட்டப் பிழிஞ்சு, முட்டை சேர்த்து முறுகப் பொரிச்சன். புளிச்ச கிறீம் தொட்டு நாலு சாப்பிட்டா. கழுவேக்கதான் தாச்சியின்ர அடியில சிவப்புப் பொட்டைக் கண்டன். சிவப்பெண்டால் இறைச்சித் தாச்சி. இறைச்சியும் பாலும் சேரக்கூடாதெண்டது அவையின்ர சமயக் கட்டுப்பாடு; அதில செய்ததைக் கிறீம் மாதிரிப் பால்சாமானோட தொடவே மாட்டினம்.

இன்னும் சொல்லேல்லை. வேலை போனால் இந்த அறையும் போயிடும்.

கிழங்கு பிழிய அப்பாவின்ர பழைய வேட்டித்துண்டு ஒண்டு அனுப்புங்கோ. அம்மா, விரதத்தண்டு நான் மீன்சட்டியில சமைச்சுத் தந்திருந்தால், நீங்கள் மன்னிப்பியளோ?

அவ கூப்பிடுறா. இண்டைக்கும் லட்கே வேணுமாம்.

மகள்,
நிரோசா